ஒப்பீட்டு நபர்

உழைப்பால் உயர்ந்தோர் கழகத்திலிருந்து கடிதம் வந்த அன்று ஹுமாயூன் செய்த முதல் வேலை, கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இடது பக்கம் திரும்பிப் பார்த்ததுதான். நினைத்தபடியே கருத்தப்பாண்டி நின்றுகொண்டிருந்தான். புருவத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

கருத்தப்பாண்டி செத்துப் பதினைந்து வருஷமாகிறது. ஹுமாயூனுக்கு ஏதாவது நல்லது நடந்தால் மட்டும் வருவான். மில் வேலை நிரந்தரமான அன்று வந்தான். கல்யாணத்தன்று பந்தல்காலை ஒட்டி நின்றான். பேண்டேஜ் துணி நெய்யச் சொந்தமாகத் தறி போட்ட அன்றும் வந்தான். ஹுமாயூனுக்கு மஞ்சள்காமாலை கண்டு கிடந்தபோது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தொல்லை கொடுக்கிற பேயென்றால் தாயத்து, மந்திரம் என்று ஏதாவது வழி உண்டு. நல்ல காரியத்துக்கு மட்டும் வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போகிறவனை எந்த முகத்தை வைத்துக்கொண்டு விரட்டுவது? அதனால் ஹுமாயூன் விரட்டவில்லை. நல்லது நடக்கும்போதெல்லாம் முதலில் இடது பக்கம் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

தறிக் கம்பெனி திறப்பு விழாவில் எடுத்த போட்டோ ஒன்று ராஜபாளையத்து வீட்டில் மாட்டியிருக்கிறது. அதில் நூர்பானுவும் இரண்டு பெண்பிள்ளைகளும் வலது பக்கம் நெருக்கியடித்து நிற்பார்கள். ஹுமாயூனுக்கு இடப்பக்கம் ஓர் ஆள் நிற்கிற இடம் வெறுமனே கிடக்கும். இந்தப் பக்கம் நகருங்க பாய் என்று போட்டோக்காரர் தொண்டை வலிக்கச் சொன்னார். நூர்பானுதான், அது அப்படியே இருக்கட்டும், நீங்க எடுங்க என்று முடித்துவைத்தாள். புருஷன் பக்கத்தில் யார் நிற்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு நாளும் கேட்டதில்லை.

விருதுக்கு விண்ணப்பம் போட்டதும் அவள்தான். புருஷனுக்குச் சொல்லாமலே போட்டிருந்தாள். உங்கள் உயர்வுக்கு உங்கள் உழைப்பு ஒன்றே காரணம், வேறு யாருடைய பங்கும் அதில் கிடையாது என்று ஊர்ப் பெரியவர்கள் கூடி எழுத்தில் கொடுத்தால், அந்த ஆள் கிளம்பிப் போய்விடமாட்டாரா என்று அவள் கேட்டபோது ஹுமாயூனுக்குக் கோபம் வரவில்லை. ஆசை வந்தது. பதினைந்து வருஷத்தில் முதல்முறையாக, தன் சந்தோஷத்தைத் தனியாக அனுபவித்துப் பார்க்கும் ஆசை. அந்த ஆசையில்தான் அவர் கழகத்தின் படியேறினார்.

கழகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதை ராஜபாளையத்தில் கட்டுவதா ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டுவதா என்று இரண்டு ஊர்ப் பெரியமனிதர்களும் ஆறு வருஷம் அயராது சண்டை போட்டு, கடைசியில் இரண்டுக்கும் நடுவே மெயின் ரோட்டோரப் பொட்டலில் கட்டினார்கள். ‘உலகில் அதிர்ஷ்டம் என்று ஒன்று இல்லை’ என்பது கழகத்தின் கொள்கை. அதை வாசலில் பொறித்து, நல்ல நாள் பார்த்து, வாஸ்து பிசகாமல் பதித்திருந்தார்கள். கழகக் கூட்டங்கள் ராகுகாலத்தில் நடப்பதில்லை. கட்டடத்துக்குப் பின்னால் உழைப்புத் தோட்டம் இருந்தது. வருஷத்துக்கு ஒரு விருதாளர் பெயரைக் கருங்கல்லில் வெட்டி அங்கே நட்டுவைப்பார்கள். வரிசையாக நிற்கும் அந்தக் கற்களைப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் போகிற வெளியூர்க்காரர்கள் யாரோ பெரிய குடும்பத்தின் சமாதிகள் என்று எண்ணிக் கும்பிட்டுவிட்டுப் போவதும் உண்டு.

அதிர்ஷ்ட ஆய்வுக் குழுவில் இருவர். ஒருவர் தலைவர் சமுத்திரம், மில் அதிபர், விரலில் நவரத்தின மோதிரம். மற்றவர் செயலாளர் ஞானதுரை. விண்ணப்பதாரரின் வாழ்க்கையில் எங்காவது அதிர்ஷ்டம் ஒளிந்திருக்கிறதா என்று துருவிப் பார்ப்பது அவர்கள் பொறுப்பு.

தலைவர் முதலில் தன்னைப் பற்றி ஆரம்பித்தார். “எங்க தாத்தா எனக்கு ரெண்டே ரெண்டு மில்லுதான் வச்சிட்டுப் போனாரு. வேற ஒருத்தனா இருந்தா இடிஞ்சு உக்காந்திருப்பான். நான் அசரல. மூணாவது மில்லு இருக்கு பாருங்க, அது முழுக்க என் வேர்வை.”

செயலாளரும் விடவில்லை. “நான் தலைவரோட தங்கச்சியக் கட்டுன மறுவாரம் இந்தப் பதவிக்கு வந்தேன். சும்மா கெடைச்சதுன்னு நாலு பேரு பேசுவான். பொண்ணு பாக்கவே மூணு நட அலைஞ்சிருக்கேன். அந்த அலைச்சல் எவனுக்குத் தெரியும்?”

ஹுமாயூன் தலையாட்டினார். தன்னை எப்படித் தெரிந்தெடுத்தார்கள் என்று மெல்லக் கேட்டார். இந்த வருஷம் பதினோரு பேர் விண்ணப்பித்ததாகவும், பதினோரு பேருடைய உழைப்பும் எடை போட்டதில் சமமாக இருந்ததாகவும், அதனால் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுத்ததாகவும் செயலாளர் விளக்கினார். தலைவரின் பேத்தி, கண்ணைக் கட்டிக்கொண்டு எடுத்தாளாம்.

“உங்க பேரு வந்துச்சு. உழைச்சவன் பேரு வந்துதானே தீரும்?” என்றார் தலைவர்.

அதன்பிறகு விசாரணை தொடங்கியது. உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும் என்றார்கள். ஹுமாயூனும் அதற்காகத்தானே வந்திருந்தார். இதுவரை யாரிடமும் சொல்லாததை அன்றைக்குச் சொன்னார்.

எண்பத்தொன்றில் அவரும் கருத்தப்பாண்டியும் மம்சாபுரத்திலிருந்து ஒரே சைக்கிளில் ராஜபாளையத்துக்கு வருவார்கள். சைக்கிள் கருத்தப்பாண்டியுடையது. இருவரும் ஒரு மில்லில் பதிலி ஆட்கள். நிரந்தரத் தொழிலாளி யாராவது வராமல் போனால் அந்த இடத்துக்கு ஒரு நாளைக்கு மட்டும் எடுத்துக்கொள்ளப்படுகிறவன் பதிலி. காலைச் சங்கு ஊதுவதற்கு முன்னால் நாற்பது ஐம்பது பேர் மில் கேட்டில் வரிசை கட்டி நிற்பார்கள். சூப்பர்வைசர் வெளியே வந்து, ஆள் முகத்தைப் பார்த்து விரல் நீட்டுவார். விரலுக்கு நேரே நின்றவன் உள்ளே போவான். மற்றவர்கள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். எத்தனை மணிக்கு வந்தான், எவ்வளவு கெட்டிக்காரன் என்பதெல்லாம் அந்த விரலுக்குத் தெரியாது.

அன்றைக்கு முன்வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். கருத்தப்பாண்டி இடது பக்கம். சூப்பர்வைசரின் விரல் ஹுமாயூனை நோக்கித்தான் வந்தது. அந்த நொடியில் செருப்பு வார் அறுந்திருப்பதைப் பார்த்து, ஊக்கு குத்துவதற்காக ஹுமாயூன் குனிந்துவிட்டார். குனிந்தவனை விட்டு விரல் பக்கத்து ஆளுக்குப் போனது. சாயந்தரம் சைக்கிள்ல சேந்தே போவம்லே, இங்கனயே இரு என்று சொல்லிவிட்டுக் கருத்தப்பாண்டி உள்ளே போனான். பஞ்சைப் பிரித்தெடுக்கிற புளோரூமில் அவனை விட்டார்கள். ஒன்பது மணிக்குச் சங்கு நேரமில்லாத நேரத்தில் ஊதியது. பஞ்சில் பிடித்த தீ.

மறுநாள் காலையில் பயத்தில் ஒரு பதிலியும் கேட்டுப் பக்கம் வரவில்லை. எங்கே போவதென்று தெரியாமல், கால் போன பழக்கத்தில் ஹுமாயூன் மட்டும் போய் நின்றிருந்தார். விரல் நீட்டவே அவசியமில்லாமல் போயிற்று. ஆறு மாதத்தில் நிரந்தரம். பிறகு சொந்தத் தறி. தொண்ணூற்று மூன்றில் வடக்கே பூகம்பம் வந்து, பேண்டேஜ் துணிக்கு இந்தியா முழுக்கத் தட்டுப்பாடு. அவருடைய துணி லாரி லாரியாகப் போனது.

“இதுல என் உழைப்புன்னு என்னத்தங்க சொல்ல?” என்று முடித்தார் ஹுமாயூன். சொல்லி முடித்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது.

தலைவரும் செயலாளரும் கொஞ்ச நேரம் தாழ்ந்த குரலில் கலந்துபேசினார்கள். பிறகு செயலாளர் பேனாவைத் திறந்தார்.

“செருப்பு வாரு ஏன் அறுந்துச்சு?”

“பழைய செருப்புங்க.”

“பழசு ஏன் ஆச்சு? நடந்து நடந்து தேஞ்சதுனால. நடக்குறது உழைப்பு. ஆக உங்க உழைப்புதான் உங்களக் காப்பாத்தியிருக்கு. அதிர்ஷ்டம் இல்லன்னு எழுதிக்கிடுதேன்.”

நான் எங்கே நடந்தேன் என்று ஹுமாயூன் பதறினார். தினமும் ஒன்பது மைல் சைக்கிள் மிதித்தவன் கருத்தப்பாண்டி. தான் பின்னால் கேரியரில் உட்கார்ந்து வந்தவர். தொங்கப்போட்ட காலில் இருந்த செருப்பு சக்கரக் கம்பியில் உரசித்தான் வார் அறுந்தது. இதையும் ஒளிக்காமல் சொன்னார்.

செயலாளர் சற்றும் கலங்கவில்லை. கேரியரில் விழாமல் உட்கார்ந்து வருவது லேசுப்பட்ட காரியமா என்று கேட்டு அதையும் உழைப்புக் கணக்கில் சேர்த்தார். மறுநாள் கேட்டில் போய் நின்றது விடாமுயற்சி. பூகம்பம் எப்படி என்று தலைவரே கொஞ்சம் தயங்கினார். தறியை முன்கூட்டியே போட்டு வைத்திருந்ததால்தானே பூகம்பம் பயன்பட்டது, ஆகவே அது தொலைநோக்கு என்று செயலாளர் வழி சொன்னார். அரை மணி நேரத்தில் ஹுமாயூனின் வாழ்க்கையில் அதிர்ஷ்டம் ஒரு பொட்டுக்கூட மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகுதான் கழகத்தின் ஒன்பதாம் விதி வந்தது. விருதாளரோடு ஒரே நேரத்தில், ஒரே நிலையில் வாழ்க்கையைத் தொடங்கி, உழைக்காததால் தோற்றுப்போன ஒருவரை ஒப்பீட்டு நபராகக் காட்டவேண்டும். அவர் பெயரும் அதே கல்லில் கீழே வெட்டப்படும். ஒருவன் தவறியிருந்தால்தானே இன்னொருவன் தேறியதற்கு உழைப்பு காரணம் என்று நிரூபிக்க முடியும்? முந்தைய வருஷங்களில் விருதாளர்களின் கூடப்பிறந்த தம்பிகள், பக்கத்துக் கடைக்காரர்கள் என்று பலர் ஒப்பீட்டு நபராக இருந்திருக்கிறார்கள். விழாவில் அவர்களுக்குக் கடைசி வரிசையில் நாற்காலியும், ஒரு துண்டும், கால் கிலோ பால்கோவாவும் உண்டு. அந்த இடத்துக்கும் சிபாரிசு பிடித்தவர்கள் இருந்தார்கள்.

“உங்களுக்கு ஆளத் தேடவே வேண்டாம். கருத்தப்பாண்டி பொருத்தமா அமைஞ்சிட்டாரு,” என்றார் செயலாளர்.

ஹுமாயூன் எழுந்துவிட்டார். “அவன் உழைக்காதவன் இல்லைங்க. நான் இம்புட்டு நேரம் அதத்தான சொன்னேன்? மிதிச்சது அவன்.”

“மிதிச்சாரு. சரி. வேலைக்குச் சேருததுக்கு முன்னாலயே உழைப்பையெல்லாம் ரோட்டுல செலவழிச்சிட்டாரு. அதுக்குப் பேரு விரயம்.”

தலைவர் மோதிரத்தைத் திருகிக்கொண்டே வருத்தத்தோடு சேர்த்துச் சொன்னார். “தீப்பிடிச்சா ஓடணும். ஓடுறதும் உழைப்புதான் பாய். உழைச்சிருந்தா தப்பிச்சிருப்பாரு.”

அந்த அறையில் ஹுமாயூனுக்கு இடப்பக்கம் இருந்த நாற்காலியை, அலுவலகத்தில் யாரோ காலையிலேயே துடைத்து வைத்திருந்தார்கள். அதில் பஞ்சுத் துணுக்கு ஒன்று கிடந்தது. ஹுமாயூன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். விருது வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். சீட்டுக் குலுக்கி எடுத்தபிறகு விலக விதியில் இடமில்லை, கல்லும் வெட்டக் கொடுத்தாயிற்று என்று சொல்லிப் பேனாவை அவர் கையில் கொடுத்தார்கள். வீட்டில் நூர்பானு காத்திருந்தாள். ஒரு கையெழுத்து. போட்டுவிட்டால் இடப்பக்கம் காலியாகிவிடலாம். செத்தவனுக்கு இனி என்ன வந்துவிடப்போகிறது என்று ஹுமாயூன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கையெழுத்துப் போட்டார்.

அது கேவலமான காரியம். போட்ட கணமே அது அவருக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து கருத்தப்பாண்டி நல்லது கெட்டது பாராமல் எப்போதும் வர ஆரம்பித்தான். ஹுமாயூன் சாப்பிடும்போது நின்றான். தறியோரம் நின்றான். ஜும்மாவுக்கு வரிசையில் நிற்கும்போது இடது தோளோடு தோள் உரசி நின்றான். முகத்தில் கோபம் இருந்திருந்தால் தேவலை. சங்கு ஊதக் காத்திருக்கிறவன் முகம்தான் இருந்தது.

விழா, ஜோசியர் குறித்துக்கொடுத்த முகூர்த்தத்தில் காலை பத்தரைக்குத் தொடங்கியது. கிருஷ்ணன்கோவில் பக்கமிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். மேடையேறின பிறகுதான் ஹுமாயூன் கடைசி வரிசையைப் பார்த்தார். மடியில் துண்டும் பால்கோவா டப்பாவும் வைத்துக்கொண்டு கருத்தப்பாண்டியின் பெண்டாட்டி நாச்சியார் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்துச் சிரித்தாள். பதினைந்து வருஷமாக அவள் முகத்தில் விழிக்கப் பயந்து அவர் மம்சாபுரம் பக்கமே போனதில்லை.

ஒப்பீட்டு நபர் இறந்திருந்தால் வாரிசின் சம்மதம் வேண்டுமாம். செயலாளரே ஜீப்பில் போய், உம் புருஷன் பேரைக் கல்லில் வெட்டப்போகிறோம் என்று சொல்லிக் கைநாட்டு வாங்கி வந்திருக்கிறார். அந்தச் சேதி கேட்டு அவள் புதுச்சேலை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

தலைவர் முக்கால் மணி நேரம் பேசினார். ஏழையாக இருப்பவர்கள் ஏழையாகவே இருப்பதற்கு எடுத்துக்கொள்ளும் முயற்சியில் பாதியைப் பணக்காரராவதற்கு எடுத்திருந்தால் நாடு எங்கேயோ போயிருக்கும் என்று வருந்தினார். தமக்குத் தாத்தாவாக அமைந்ததற்காகத் தாத்தாவின் உழைப்பையும் பாராட்டினார். பிறகு ஹுமாயூனுக்குச் சால்வை போர்த்தி, ஏற்புரைக்கு மூன்று நிமிஷம் கொடுத்தார்.

ஹுமாயூன் மைக்கைப் பிடித்தார். “நான் உழைச்சு மேல வரல. என் செருப்பு அறுந்துச்சு, நான் பொழச்சேன். கருத்தப்பாண்டி போயிட்டான். அவன் என்னயவிட நல்ல உழைப்பாளி. இந்த விருது எனக்கு வேண்டாம். கல்லுல எழுதுனது பொய்யி. அதுக்கு நான் கையெழுத்துப் போட்டேன், அது என் தப்பு.”

கைதட்டல் கூரையைப் பிளந்தது. முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்து நின்று தட்டினார்கள். தலைவர் மைக்கை வாங்கி, இந்தப் பணிவு யாருக்கு வரும், இதுவும் கடும் உழைப்பால் அல்லவா வருகிறது என்று தழுதழுத்தார். விருதை வேண்டாம் என்று சொன்ன முதல் விருதாளர் என்பதால் ஹுமாயூனுக்கு இன்னொரு சால்வையும் போர்த்தினார்கள்.

கடைசி வரிசையில் லவுட்ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை. எல்லாரும் தட்டியதைப் பார்த்து நாச்சியாரும் தட்டினாள்.

சாப்பாட்டுக்கு எல்லாரும் பந்திக்குப் போனபிறகு ஹுமாயூன் உழைப்புத் தோட்டத்துக்குப் போனார். புதுக்கல் முன்னால் நாச்சியார் நின்றிருந்தாள். உச்சிவெயிலில் கற்களுக்கு நிழலே இல்லை. அவள் எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

“வாங்கண்ணே. அவிய பேரு எங்கன இருக்குன்னு காட்டுங்க. நமக்குத்தான் படிக்கத் தெரியாதுல்லா.”

ஹுமாயூன் கல்லைப் பார்த்தார். மேலே பெரிய எழுத்தில் ‘உழைப்புச் செம்மல் ஹுமாயூன். தன் உழைப்பால் மட்டுமே உயர்ந்தவர்.’ கீழே சின்ன எழுத்தில் ‘ஒப்பீட்டு நபர்: மம்சாபுரம் கருத்தப்பாண்டி. உழைப்புக் குறைவால் உயிர் நீத்தவர்.’

பெயர் இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். வேறென்ன போட்டிருக்கிறது என்று அவள் கேட்டாள்.

“நல்ல உழைப்பாளின்னு போட்டிருக்கு,” என்றார்.

நாச்சியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “உள்ளதத்தான போட்டிருக்காவ. அன்னைக்குக்கூட அவியளுக்கு நல்ல காச்சல்ண்ணே. ஒடம்பு அனலாக் கொதிச்சுது. இன்னைக்கு ஒரு நா படுத்துக்கிடுங்கன்னேன். ஹுமாயூனு ரோட்டுல எனக்காகக் காத்துக்கிட்டு நிப்பான், நான் போகலேன்னா அவன் எப்பிடி மில்லுக்குப் போவான்னு சொல்லித்தான் சைக்கிள எடுத்தாவ. போறதுக்கு முன்னால கஞ்சிகூடக் குடிக்கல.”

ஹுமாயூன் கல்லைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். செருப்பு வார், சூப்பர்வைசரின் விரல், அதிர்ஷ்டம் என்று பதினைந்து வருஷமாக அவர் கணக்குப் போட்டதெல்லாம் தவறு. காய்ச்சலில் கிடந்த ஒருவனை அவர்தான் ரோட்டில் நின்று வரவழைத்திருக்கிறார். அவர் விம்மி அழுதார். அழுகைக்கு நடுவே, கல்லில் உண்மையில் என்ன வெட்டியிருக்கிறது என்பதை ஒரு சொல் விடாமல் வாசித்துக் காட்டினார். அதற்குத் தான் கையெழுத்துப் போட்டதையும் சொன்னார்.

நாச்சியார் கையிடுக்கில் வைத்திருந்த துண்டையும் டப்பாவையும் எடுத்துத் தள்ளி வைத்தாள்.

“அவிய பேரு மட்டும் இருக்கட்டும். மத்ததயெல்லாம் அழிச்சிருங்க,” என்றாள்.

அடுத்த வருஷத்துக்கான கல் தோட்டத்து மூலையில் பாதி கொத்தியபடி கிடந்தது. கல்தச்சர் சாப்பிடப் போயிருந்தார். அவருடைய உளியையும் சுத்தியலையும் ஹுமாயூன் எடுத்து வந்தார். இரண்டு சால்வைகளையும் மடித்து முட்டிக்குக் கீழே போட்டுக்கொண்டார். ‘உழைப்புக் குறைவால்’ என்பதிலிருந்து ஆரம்பித்தார். கை பழகாத வேலை. நாலாவது எழுத்திலேயே உள்ளங்கை கொப்பளித்தது.

சத்தம் கேட்டுப் பந்தியிலிருந்து ஆட்கள் எச்சில் கையோடு ஓடிவந்தார்கள். செயலாளர் முதலில் கத்த வாயெடுத்தார். கூட்டம் சேர்ந்துவிட்டதைப் பார்த்ததும் குரலை மாற்றி, விருது வாங்கிய வெயில் தணியுமுன்னே வேலைக்கு இறங்கிவிட்ட நம் செம்மலைப் பாருங்கள் என்றார். கைதட்டினார்கள். போட்டோக்காரர் வந்து, பாய் இப்பிடிப் பாருங்க என்றார்.

ஹுமாயூன் யாரையும் பார்க்கவில்லை. கீழ்வரி முடிந்திருந்தது. உளி வழுக்கினால் தன் புருஷன் பெயரில் பட்டுவிடுமென்று நாச்சியார் அதன்மேல் கையை வைத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையை எடும்மா, அடி பட்டிரும் என்று அவர் சொல்லியும் எடுக்கவில்லை. அவர் நிமிர்ந்து, மேலே இருந்த தன் பெயரின் முதல் எழுத்தில் உளியை வைத்தார்.